தோற்றமும் உண்மையும்: விபுலாநந்த அடிகளார் வாழ்வு காட்டும் நெறி

கண்ணுக்குத் தோன்றுவன எல்லாம் உண்மையல்ல. பலர் வாயிற் பயில்வன எல்லாமும் உண்மையல்ல. மாலை மயங்கும் வேளையில் வழியிற் கிடந்த கயிறு அரவாகத் தோன்றுகின்றது. நண்பகலிற் கானல் நீராகத் தோன்றுகின்றது. இவற்றை நம் முன்னோர் திரிபுக் காட்சி என்றனர். உண்மையை அளந்தறியக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளையும் வகுத்துத் தந்தனர். வகுப்பறையில் மாணாக்கர் இவ்வளவைகளின் பெயர்களை மனனம் செய்து ஒப்புவிக்கின்றனர். நாமும் புள்ளியிட்டு அமைகின்றோம். ஆயினும், அவ்வளவைகளை வாழ்நாள் முழுதும் கையாண்டு, தோன்றுவதையும் உள்ளதையும் பிரித்துக் காட்டிய ஒருவரின் வரலாற்றைக் கூறினாலன்றி அப்பாடம் உள்ளத்திற் பதியாது. அத்தகைய ஒருவரைத் தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த விபுலாநந்த அடிகளாரே அவர்.

கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருது, மாளிகைக்காடு ஆகிய இஸ்லாமிய ஊர்களைக் கடந்து, நிந்தவூரை அடையுமுன் உள்ளது காரைதீவு. 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் தனியே அமையும்வரை இவ்வூர்கள் யாவும் மட்டக்களப்பைச் சேர்ந்தனவாகவே இருந்தன. அக்காரைதீவில், 1892ஆம் ஆண்டு பங்குனித் திங்களில், சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மைந்தராய் அடிகளார் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். அதே 1892ஆம் ஆண்டிலேயே டாக்டர் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சேற்றி வெளியிட்டார் என்பது நினைந்து மகிழத்தக்கதாகும். அந்நூலின் ஒரு பகுதிக்கு விளக்கம் காண்பதே பின்னாளில் அடிகளாரின் வாழ்நாட் பணியாயிற்று.

காரைதீவு, கண்ணகி வழிபாடு வேரூன்றிய ஊர். வைகாசித் திங்களில் அம்மன் சடங்கு நிகழுங்கால் வழக்குரை பாடப்பெறுதல் இக்கரையின் நெடுநாள் வழக்கம். அந்த வழக்கினை எண்ணிப் பாருங்கள். பொற்கொல்லன் சொல் மெய்போலத் தோன்றியது. கோவலன் கையிலிருந்த சிலம்பு அரசியின் சிலம்பு போலத் தோன்றியது. தோன்றியதையே உண்மையெனக் கொண்ட பாண்டியன், ஆராயாது கொலைத் தண்டம் விதித்தான். பின்னர்க் கண்ணகி அவைக்களம் புகுந்து சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. உடைந்த சிலம்பினின்று தெறித்ததோ மாணிக்கம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்று. உள்ளிருந்த பரலோ வேறு. ஒரு கணம் பொறுத்து உடைத்துப் பார்த்திருந்தால் ஓர் உயிரும், அதன்பின் அரசன் உயிரும், மதுரை மாநகரும் பிழைத்திருக்கும். இக்கதை ஆண்டுதோறும் ஒலித்த ஊரில் வளர்ந்த சிறுவர், பிற்காலத்தில் எதனையும் உடைத்துப் பார்த்தே தீர்ப்புச் சொல்பவராக விளங்கியது பொருத்தமே.

மயில்வாகனனார் இளமையில் வைத்திலிங்க தேசிகரிடம் தமிழும் வடமொழியும் கற்றார். கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். கொழும்பு அரசினர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் பயின்று பயிற்றப்பட்ட ஆசிரியராய் வெளிவந்தார். ஆசிரியத் தொழிலில் உள்ள நம்மனோர்க்கு இதனினும் பெருமை தருவது வேறு யாது? 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும் வெற்றி பெற்றார். விஞ்ஞானக் கல்வியையும் கைவிட்டாரல்லர். யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். பின்னர் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியப் பொறுப்பை ஏற்றார். தமிழ்ப் புலமை வேறு, விஞ்ஞானப் பயிற்சி வேறு, இரண்டும் ஓரிடத்திற் பொருந்தா என்பது அக்காலத்துப் பலர்க்கும் மெய்யெனத் தோன்றிய கருத்து. அதனைச் சொல்லால் மறுக்க அவர் முற்படவில்லை. தம் வாழ்வாலேயே மறுத்துவிட்டார்.

1922ஆம் ஆண்டிற் சென்னை சென்று இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். 1924ஆம் ஆண்டிற் சுவாமி சிவாநந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். துறவி உலகைத் துறந்தவர், அவர்க்குப் பள்ளியும் பாடமும் எதற்கு என்று தோன்றுதல் இயல்பு. நடந்ததோ வேறு. ஈழம் திரும்பிய அடிகளார் பள்ளிகளைத் தோற்றுவிப்பதிலும் நடத்துவதிலும் ஓயாது உழைத்தார். 1929ஆம் ஆண்டில் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் தம் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். காவியுடுத்தவர் தம் சமயத்தார்க்கே உரியவர் என்று எண்ணுவாரும் உளர். 1942ஆம் ஆண்டிற் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராய்ப் பணியாற்றியவரும், பின்னாளில் முஸ்லிம் மக்களின் கல்விக்கு உழைத்தவருமான ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் அடிகளாரோடு பூண்டிருந்த நட்பினை அறிந்தோர் அவ்வாறு எண்ணார். ஆடையைக் கண்டு ஆளை முடிவு செய்தலும் சிலம்பை உடையாது தீர்ப்புச் சொல்லுதல் போல்வதே.

இனி, அடிகளாரின் தலையாய பணியாகிய யாழ் ஆராய்ச்சிக்கு வருவோம். 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த அடிகளாரின் உள்ளம், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் ஆழ்ந்தது. அங்கே யாழாசிரியன் இயல்பு கூறப்படுகின்றது. உரைகாரர் பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என நால்வகை யாழையும் கூறுகின்றனர். ஆனால் அக்கருவியைக் கண்ணாற் கண்டவர் எவரும் இல்லை. அது வழக்கொழிந்து பன்னூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. நூலில் யாழ் என்று வந்தவிடமெல்லாம் வீணை என்று பொருள் சொல்லி அமைவாரே பலராயினர். யாழும் வீணையும் ஒன்றே என்பது மெய்போலத் தோன்றியது. நரம்பு இரண்டிலும் உண்டு. இன்னிசை இரண்டிலும் பிறக்கும். கலைமகள் கையிலும் வீணையே விளங்குகின்றது. இதற்கு மேலும் ஆராய என்ன இருக்கின்றது?

ஆராய நிரம்பவே இருந்தது. மார்கழித் திங்களில் நம் மாணாக்கர் ஓதும் திருப்பள்ளியெழுச்சியிலேயே மணிவாசகர் வீணை இசைப்போரையும் யாழ் இசைப்போரையும் தனித்தனியே சுட்டுகின்றார். ஒன்றாயின் இருமுறை கூறுவானேன்? பத்துப்பாட்டில் வரும் ஆற்றுப்படை நூல்கள் யாழின் உறுப்புகளை ஒன்றொன்றாக வருணிக்கின்றன. வளைந்த கோடு, ஒலியைப் பெருக்கும் பத்தர், அதன்மேற் போர்த்த தோல், நரம்புகளை இறுக்கும் திவவு என்பன அவை. பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன், குமிழங்கொம்பை வளைத்து மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்து இசைக்கின்றான். இவற்றையெல்லாம் கூட்டி நோக்குவார்க்கு யாழின் வடிவம் புலனாகும். வீணையில் ஒரு தந்தியை மெட்டுகளின்மேல் அழுத்திப் பல சுரங்களை எழுப்புவர். யாழிலோ ஒரு நரம்புக்கு ஓரிசையே உண்டு. இசை எத்தனையோ நரம்பும் அத்தனை வேண்டும். ஆதலாலன்றோ பேரியாழ்க்கு 21 நரம்பும், செங்கோட்டியாழ்க்கு 7 நரம்பும் கூறப்பட்டன. அமராவதிச் சிற்பங்களில் வில்வடிவான நரம்புக் கருவியை இன்றும் காணலாம். பர்மிய நாட்டில் அவ்வடிவக் கருவி இன்றும் இசைக்கப்படுகின்றது. வீணையென்னும் முத்துக்குள் அடைபட்டதாக எண்ணப்பட்ட யாழ், உடைத்துப் பார்த்தபோது மாணிக்கமாய்த் தெறித்தது.

அடிகளார் இவ்வளவோடு நின்றிருந்தால், உரையளவையும் கருதலளவையும் கொண்டு செய்த ஆராய்ச்சியாய் அது அமைந்திருக்கும். அவர் விஞ்ஞானம் பயின்றவர். ஆதலின் ஒலியைக் கணக்கால் அளக்கத் தொடங்கினார். குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என ஏழிசைக்கும் அலகு கூறி, மொத்தம் 22 என்பது பண்டையோர் வகுத்த கணக்கு. 1917ஆம் ஆண்டிற் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 24 எனக் கொண்டார். இருவகைக் கொள்கையும் கற்றோரிடையே வழங்கின. செவி ஒன்றையே நம்பி இதனை முடிவு செய்தல் அரிது.

ஏன் அரிது என்பதை மாணாக்கர் தாமே கணக்கிட்டு அறியலாம். ஒரு நரம்பின் அதிர்வைப் போல் ஒன்றரை மடங்கு அதிர்வது அதன் இளி. அந்த இளிக்கு இளி, அதற்கு இளி என 12 முறை ஏறிச் சென்றால், தொடங்கிய இசைக்கே மீண்டு வந்ததாகச் செவிக்குத் தோன்றும். வட்டம் மூடியதாக மனம் அமையும். இருமடங்கு அதிரும் ஒலியைச் செவி முதல் ஒலியின் இனமாகவே கொள்ளுதலின், ஏழுமுறை இரட்டித்த 128 மடங்கில் அவ்வட்டம் மூட வேண்டும். ஒன்றரையை 12 முறை பெருக்கினாலோ 129.7க்கும் சிறிது மேல் வருகின்றது. வட்டம் மூடவில்லை, மூடியது போலத் தோன்றியது. அச்சிறு வேற்றுமையைப் புறக்கணிப்பவன் பாடகனாகலாம். இசையின் உண்மையை ஆராய்பவன் ஆகான். யாழ் ஆராய்ச்சி முழுவதும் இவ்வாறே பின்னமும் பெருக்கலுமாக நடந்தது.

அண்ணாமலை நகரை விட்டு 1933ஆம் ஆண்டில் நீங்கிய பின்னும் ஆராய்ச்சி நீங்கவில்லை. இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்திற் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராய் இருந்த காலத்தும், 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த காலத்தும் அது தொடர்ந்தது. ஏறத்தாழ 14 ஆண்டுகள் உழைத்த உழைப்பின் பயனாக யாழ்நூல் முற்றுப்பெற்றது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், 1947ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அந்நூல் அரங்கேறியது. கணக்கிட்டபடி செய்த யாழ்க் கருவிகளும் அவைக்கு வந்தன; யாழிசையை அவையோர் தம் செவியாற் கேட்டனர். உரையும் கருதலும் காட்டிய ஒன்று அன்று காட்சிக்கும் எட்டியது. உடல் நலம் குன்றியிருந்த அடிகளார், அதன்பின் ஏழு கிழமைகளும் நிறைவுறுமுன், 1947 ஜூலை 19ஆம் நாள் கொழும்பில் மறைந்தார். சிவானந்த வித்தியாலய வளாகத்தில் அவரது திருமேனி அடக்கம் செய்யப்பெற்றது.

யாழ்நூலிற் சொன்னவை யாவும் முடிந்த முடிபென அறிஞர் அனைவரும் ஒருமுகமாய் ஏற்றனர் என நாம் கூறவில்லை. பழைய யாழ் ஒன்றேனும் நம் கைக்குக் கிட்டாமையால், கருதலாற் கொண்டவற்றிற் சில வேறுபடக் கூறப்படுதல் இயல்பே. ஆனால் அடிகளார் தாம் கண்ட முடிபை மட்டும் கூறி நம்மை நம்புமாறு ஏவவில்லை. இன்ன நூல், இன்ன உரை, இன்ன கணக்கு என வழியையும் காட்டினார். மறுப்பவரும் அவ்வழியிலே சென்றுதான் மறுக்க வேண்டும். உண்மை நாடுவோர்க்கும் நாவலிமையால் வெல்வோர்க்கும் உள்ள வேற்றுமை இதுவேயாகும்.

கற்பனையை அவர் வெறுத்தார் என்றும் எண்ணற்க. மட்டக்களப்பு வாவியில் நிலாக் காலத்து இரவுகளிற் கேட்கும் இன்னொலியை மீன் பாடுவதென்பர் ஊரார். ஊரி எழுப்பும் ஒலியென்பாரும் உளர். அவ்வொலியை நீரரமகளிர் பாடலாக அடிகளார் கவிதையில் அமைத்தார். அது கவிஞர் காணும் காட்சி. நீரில் அரமகளிர் உளர் என விஞ்ஞான வகுப்பிற் கற்பிக்க அவர் முற்படவில்லை. கவிதையைக் கவிதையின் இடத்திலும் கணக்கைக் கணக்கின் இடத்திலும் வைத்துப் போற்றியதே அவரது தெளிவு.

இந்நெறியை அவர்தம் புகழுரைகளின்மேலும் நாம் செலுத்துதல் வேண்டும். உலகின் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவரே என மேடைகளிற் கூறக் கேட்கின்றோம்; கேட்பதற்கு இனிதாகவே உள்ளது. ஆயினும், ஜி. யு. போப் ஐயர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே ஆக்ஸ்போர்டிற் தமிழ் கற்பித்தார் என்பதை எண்ணுவோர், உலகின் முதல்வர் என்னும் சொல்லை எளிதில் வழங்கார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியப் பதவியை முதன்முதல் ஏற்றவர் என்பது உண்மை. அவ்வுண்மையே போதிய பெருமை. மிகையான புகழ், உடைத்துப் பார்ப்பார் ஒருவர் வருமளவுமே நிற்கும். அப்போது மெய்ப்புகழும் உடன் ஐயுறப்படும்.

விழா மலர்களும் இவ்வெச்சரிக்கைக்கு விலக்கல்ல. பழைய மாணவர் கூடுமிடத்தில் நினைவுகள் இனிமையாய் வளரும். ஓட்டப் போட்டியில் இரண்டாவதாய் வந்தவர் ஐம்பது ஆண்டுக்குப்பின் முதலாவதாய் வந்திருப்பார். கண்டிப்பான ஆசிரியர் கனிவே உருவானவர் ஆகியிருப்பார். அதனாற் பெருந்தீங்கு இல்லை எனலாம். ஆனால் ஓர் ஊரைப் பற்றி, ஒரு சமூகத்தைப் பற்றி, அயலார் ஒருவரைப் பற்றி வாய்மொழியாகவோ கைத்தொலைபேசி வழியாகவோ வந்த செய்தியை ஆராயாது நம்பிப் பிறர்க்குப் பரப்புதல் அத்தன்மையதன்று. இந்துவும் இஸ்லாமியரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் இக்கரையில், ஆராயாத ஒரு சொல் என்ன செய்யும் என்பதை நாம் யாவரும் அறிவோம். மதுரையை எரித்தது கண்ணகியின் சினம் என்பர். அதற்கு முன்னரே அதற்குத் தீ மூட்டியது ஆராயாத அரசனின் ஒரு சொல்லன்றோ!

மாணாக்கரே, யார் கூறினர், எவ்வாறு அறிந்தனர், வேறு சான்று உண்டா என்னும் மூன்று வினாக்களை உம் உள்ளத்தில் எப்பொழுதும் வைத்திருங்கள். ஆசிரியர் கூறினார் என்பதற்காக எங்கள் சொல்லையும் அவ்வினாக்களுக்கு விலக்காக்காதீர்கள். தாம் கற்ற கணக்கையும் தமிழையும் ஒருங்கே கொண்டு, மறைந்த கருவியொன்றை மீட்டெடுத்த அப்பெருமகனார் பிறந்த மண்ணில் வாழ்வோர்க்கு இதுவே கடப்பாடு. அவர் புகழ் வாழ்க. அவர் காட்டிய ஆராய்ச்சி நெறி நம் கல்லூரிகளில் நின்று நிலவுக.