ஆற்றில் பிறந்த குழாய்

விமானத்தில் ஏறும்போது அதன் மூக்குப் பக்கம் ஒரு பார்வை பாருங்கள். முன்னோக்கி நீட்டிக்கொண்டு சில சிறு குழாய்கள் தெரியும். பிட்டோ குழாய் என்று பெயர். விமானம் காற்றில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று விமானிக்குச் சொல்வது அதுதான். அந்தப் பெயருக்கு உரியவரோ விமானத்தைக் கண்ணால் கண்டதில்லை.

ஹென்ரி பிட்டோ 1695ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் தெற்கு பிரான்சில் அராமோன் என்ற ஊரில் பிறந்தார். படிப்பு அவருக்கு வேம்பாய்க் கசந்தது. தேறமாட்டான் என்று கருதப்பட்ட பையன் படையில் சேர்ந்தார். கிரெனோபிள் நகரப் புத்தகக் கடையொன்றில் வடிவகணித நூல் ஒன்று கையில் சிக்கியது. அதை வாங்கிப் படித்தவர், வீடு திரும்பிச் சில ஆண்டுகள் கணிதமும் வானியலும் தாமாகவே கற்றார். தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டே ஒரு மாணவனை எடைபோடுகிறவர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் கதை இது.

1718இல் பாரிஸ் சென்றார். அறிவியலாளர் ரியோமூர் அவருக்குத் தம் நூலகத்தைத் திறந்துவிட்டார். பிறகு தம் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகவும் வைத்துக்கொண்டார். 1724இல் பிட்டோ அறிவியல் கழக உறுப்பினரானார்.

அக்காலத்தில் ஆற்றின் வேகத்தை அறிய எதையாவது மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். அது மேற்பரப்பின் வேகத்தை மட்டுமே காட்டும். ஆழம் கூடக் கூட நீரின் வேகமும் கூடும் என்ற கருத்து வேறு நிலவியது. மேலே இவ்வளவு தண்ணீர் அழுத்துகிறதே, கூடத்தானே வேண்டும்? கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. பிட்டோ அளந்தே பார்த்துவிட முடிவு செய்தார்.

1732இல் அவர் செய்த கருவி மிக எளிமையானது. ஒரு மரச்சட்டத்தில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒன்று நேரானது; மற்றொன்றின் அடிமுனை வளைந்து, ஓட்டத்தை எதிர்த்து நிற்கும். நேர்க்குழாயில் நீர் ஆற்றின் மட்டத்திலேயே நிற்கும். வளைந்த குழாயில் ஓடிவரும் நீர் மோதி மேலேறும். இரண்டுக்கும் உள்ள உயர வேறுபாடே வேகத்தின் அளவு. வினாடிக்கு 1 மீட்டர் வேகம் என்றால் நீர் சுமார் 5 செண்டிமீட்டர் ஏறும். 2 மீட்டர் என்றால் சுமார் 20. வேகம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்கு. செய்ன் ஆற்றில் கருவியை இறக்கியபோது, அடியை நெருங்க நெருங்க வேகம் குறைவதே தெரிந்தது.

தண்ணீருக்குப் பொருந்தியது காற்றுக்கும் பொருந்தியது. சொந்தமாகக் கட்டப்பட்ட ஒரு சிறு விமானத்தின் இறக்கைக்குள் இந்தக் குழாய்களைப் பொருத்தும் வேலையில் நானும் கைகொடுத்திருக்கிறேன். விசிறிக் காற்று படாதபடி இறக்கையின் அடியில் பிட்டோ முனை நிற்கும். அங்கிருந்து மெல்லிய நெகிழிக் குழாய், இறக்கையின் குறுக்குச் சட்டங்களில் உள்ள துளைகள் வழியே விமானி அறைக்குப் போகும். துளையின் விளிம்பு குழாயை அறுக்காமலிருக்க ரப்பர் வளையம் வேண்டும். நடுவில் எங்கும் குழாய் தொய்யக் கூடாது. தொய்ந்த இடத்தில் நீர் தேங்கி வழியை அடைக்கும். முனையில் பனி உறையாமல் சூடாக்கும் மின்கம்பியும் கூடவே போகும். இரண்டும் இறக்கையின் அசையும் பாகங்களில் உரசாமல் கட்டப்பட வேண்டும். தகட்டை மூடி ஆணி அடித்துவிட்டால் பிறகு உள்ளே கை போகாது.

மூடுவதற்கு முன் சோதனை. ஒளி ஊடுருவும் குழாயை U வடிவில் வளைத்து, பாதிவரை நீர் ஊற்றி, பிட்டோ வழியில் இணைத்து மெல்ல அழுத்தம் கொடுப்பார்கள். நீர்மட்டங்களுக்கு இடையே சுமார் 16.5 செண்டிமீட்டர் வேறுபாடு வரும்போது வேகமானி 100 நாட் காட்ட வேண்டும். அழுத்தத்தை அடைத்துவைத்த பிறகும் முள் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. பிட்டோ ஆற்றில் பார்த்த அதே நீர்மட்டந்தான்!

இந்தச் சிறு துளை அடைபட்டால் என்ன ஆகும்? 2009 ஜூன் 1இல் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் சென்ற விமானத்தின் பிட்டோ குழாய்களைப் பனித்துகள் அடைத்தது. வேக அளவுகள் தாறுமாறாயின, விமானிகள் தடுமாறினர். 228 பேர் அட்லாண்டிக் கடலில் மாண்டனர். 2018 ஜூலையில் பிரிஸ்பேனிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பிய விமானம், குளவி கூடு கட்டாமலிருக்கப் போட்ட உறைகள் கழற்றப்படாமலே மேலெழுந்தது. நல்லவேளையாக அது திரும்பிப் பத்திரமாகத் தரையிறங்கியது.

பிட்டோ பிற்பாடு சொந்த மாநிலமான லாங்டாக்குக்கே திரும்பினார். புகழ்பெற்ற ரோமானியப் பாலமான போன் டு கார் அருகிலேயே ஒட்டிச் சாலைப் பாலம் கட்டினார். மோன்பெல்லியே நகருக்குச் சுமார் 14 கிலோமீட்டர் தொலைவிலிருந்து நீர் கொண்டுவரும் கால்வாய்ப் பாலத்தையும் அமைத்தார். 1765இல் நகருக்குத் தண்ணீர் வந்தது. குழாயைவிட இதையே அவர் பெரிதாக நினைத்திருப்பார் என்பது என் ஊகம்.

1771 டிசம்பர் 27இல் அராமோனிலேயே அவர் காலமானார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதே லாங்டாக் மாநிலத்தின் அன்னோனே ஊரில், மோன்கோல்ஃபியே சகோதரர்களின் வெப்பக்காற்றுப் பலூன் பொதுமக்கள் முன்னிலையில் மேலே எழுந்தது.