மலைமேல் இட்ட விளக்கு: எவலின் பிராண்ட்

நாமக்கல் சமவெளியிலிருந்து நிமிர்ந்து நோக்கினால் நீலத்திரை விரித்தாற்போல் தோன்றுவது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. தினையும் சாமையும் கேழ்வரகும் விளையும் வளமுடையது. சங்கப் புலவர்களால் பாடப்பெற்ற பெருமையும் உடையது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமவெளி மக்கள் அம்மலையில் இரவு தங்க அஞ்சினர். மேலே செல்வதற்குச் சாலை இல்லை. மருத்துவமனையும் பள்ளியும் இல்லை. மலேரியாக் காய்ச்சல் மட்டும் ஆண்டு முழுவதும் அங்கே குடியிருந்தது. பிறர் அஞ்சி விலகிய அம்மலையையே தம் வாழ்விடமாகக் கொண்டு, அங்கேயே மண்ணுக்குள் துயில விரும்பிய பெண்மணி எவலின் பிராண்ட்.

எவலின் 1879ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். தந்தையார் செல்வம் மிக்க வணிகர். வீட்டில் உடன்பிறந்தார் பலர். எவலின் ஓவியக்கலை பயின்றார். ஒளியும் நிறமும் அவர் உள்ளத்தை ஈர்த்தன. இலண்டன் நகரில் வசதியோடும் நன்மதிப்போடும் வாழ அவருக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. எனினும் இறையன்பு என்பது வழிபாட்டு நேரத்தோடு முடிவதன்று என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது. கிறித்துவின்பால் தாம் கொண்ட பற்றை, துன்புறுவோர்க்குச் செய்யும் தொண்டாக ஆக்க விழைந்து, முப்பது வயதைக் கடந்த நிலையில் தமிழகத்தில் பணியாற்றலானார்.

அக்காலத்துச் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த சேந்தமங்கலம் பகுதியில் ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் இளைஞர் முன்னரே தொண்டாற்றி வந்தார். அவர் முழுமையான மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். ஓராண்டு மருத்துவப் பயிற்சியே பெற்றிருந்தார். கட்டடத் தொழில் அறிந்தவர்; மலைமக்களின் நிலையை நேரில் கண்டு வருந்தியவர். 1913ஆம் ஆண்டு எவலினும் ஜெஸ்ஸியும் மணம்புரிந்துகொண்டனர். மணம் முடிந்ததும் இருவரும் கொல்லிமலை ஏறினர். வாழவந்தி என்னுமிடத்தில் மர வீடு ஒன்று அவர்தம் இல்லமாயிற்று. அங்கிருந்தவாறே, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை, சித்தேரிமலை முதலிய ஐந்து மலைத்தொடர்களிலும் வாழும் மக்களுக்குத் தொண்டு செய்வதெனக் கணவனும் மனைவியும் உறுதி பூண்டனர்.

மலைமக்களை வாட்டிய நோய்களுள் கொடியது நரம்புச் சிலந்தி. படிக்கட்டுகளில் இறங்கி நீர் முகக்கும் கிணறுகளே இந்நோய் பரவக் காரணமாயின. நோயுற்றவர் கால் நனைய நீரில் நிற்கும்போது புழு தன் நுண்ணிய குஞ்சுகளை நீரில் உதிர்க்கும். அவற்றை உண்ட சிறு நீர்ப்பூச்சிகள் குடிநீரோடு பிறர் வயிற்றை அடையும். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, ஒரு மீட்டர் நீளம் வரை வளர்ந்த புழு காலில் கொப்புளத்தைக் கிழித்து வெளிப்படும். அதனைச் சட்டென இழுத்தால் அறுந்துபோகும்; உள்ளே தங்கிய பகுதி புண்ணைச் சீழ்பிடிக்கச் செய்யும். ஆதலின் சிறு குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றியே அதனை வெளியேற்ற வேண்டும். பிராண்ட் இணையர் இப்பணியைப் பொறுமையோடு செய்தனர். புண்ணை ஆற்றுவதோடு நில்லாமல், எவரும் நீரில் இறங்காதவாறு கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பவும், நீரைத் துணியால் வடிகட்டிப் பருகவும் மக்களுக்குக் கற்பித்தனர். நோயை முற்றும் போக்க மருந்தினும் தூய நீரே முதன்மையானது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

தொண்டு செய்தோரை மலை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. புதிய சமயத்தார் வந்து தம் வழிவழி வந்த வழக்கங்களை மாற்றிவிடுவரோ என மக்கள் அஞ்சினர். ஊர்ப் பூசாரி அவர்களை வெளிப்படையாகவே எதிர்த்தார். நோய்க்கு மருந்து பெற்றோரும் நெருங்கிப் பழகத் தயங்கினர். ஆண்டுகள் சில இவ்வாறு கழிந்தன. அந்நிலையில், உலகையே உலுக்கிய இன்புளுயன்சாக் காய்ச்சல் மலையிலும் பரவியது. நோயுற்றோரை விட்டு உறவினரே அஞ்சி ஓடினர். பிராண்ட் இணையர் பெரிய கலங்களில் அரிசிக்கஞ்சி காய்ச்சி, வீடு வீடாகச் சென்று நோயுற்றோர்க்கு ஊட்டினர். எதிர்த்த பூசாரியின் இல்லமும் அவற்றுள் ஒன்று. உயிர் பிரியும் வேளையில் அப்பூசாரி தம் குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பைப் பிராண்ட் இணையரிடமே ஒப்படைத்தார். சொல்லால் வெல்ல முடியாத ஐயத்தை ஒரு கலம் கஞ்சி வென்றது.

தொண்டுக்கு எவலின் கொடுத்த விலை சிறிதன்று. அவருக்குப் பால் என்னும் மகனும் கான்னி என்னும் மகளும் இருந்தனர். மலையில் பிள்ளைகளுக்கு ஏற்ற பள்ளி இல்லாமையால், 1923ஆம் ஆண்டு இருவரையும் கல்விக்காக இங்கிலாந்தில் உறவினரிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினர். அப்போது பாலுக்கு வயது ஒன்பது. பெற்ற மக்களைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டுப் பிறர் மக்களைப் பேண வந்த தாயின் உள்ளம் எவ்வளவு நொந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1929ஆம் ஆண்டு மலேரியாவின் முற்றிய நிலையான கருநீர்க் காய்ச்சல் ஜெஸ்ஸியின் உயிரைப் பறித்தது. தந்தையை மீண்டும் காணும் வாய்ப்பு மகனுக்கு அமையவேயில்லை. இறப்புச் செய்தி தந்தியில் வந்த பின்னர், கப்பல் வழியே மெல்ல வந்து சேர்ந்தது தந்தை முன்னரே எழுதிய கடிதம்.

கணவரை இழந்த எவலின் தாயகம் சென்று சிலகாலம் தங்கினார். பின் மீண்டும் தமிழகம் வந்தார். அவரை அனுப்பிய திருப்பணி மன்றம் அவருக்குச் சமவெளியிலேயே பணி அளித்தது. மலைமீது கொண்ட பற்று அவரை விட்டகலவில்லை. ஆண்டுகள் உருண்டோடின. அறுபத்தெட்டு வயதில் அவர் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்ப வேண்டுமென மன்றம் கருதியது. இன்னும் ஓராண்டு மட்டும் பணியாற்ற இசைவு வேண்டிப் பெற்றார் எவலின். அவ்வாண்டு முடிந்தபோது, மன்றப் பணியினின்று விடைபெற்றுத் தனியராய் மலையேறினார். ஊதியப் பணிக்கே ஓய்வு, உறுதிமொழிக்கு ஓய்வில்லை என்பது அவர் துணிவு.

அதன்பின் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அவர் மலைவாழ் மக்களிடையே வாழ்ந்தார். மட்டக்குதிரை மீதேறி ஊர் ஊராகச் சென்றார். பன்முறை தவறி விழுந்தார். எலும்பு முறிவும் கண்டார். நடை தளர்ந்தபோது இரு கைகளிலும் மூங்கில் கோல் ஊன்றி நடந்தார். நோயுற்றோர்க்கு மருந்தளித்தார், கைவிடப்பட்ட குழந்தைகளைப் பேணினார். மலைமக்களும் பெற்ற பாட்டியாகவே அவரைக் கருதினர். கீழே இறங்கி வருமாறு மகன் வேண்டியபோதும் அவர் இசையவில்லை. பயன்படாது காத்துவைக்கும் உடலால் யாருக்கு என்ன பயன் என்பது அவர் கருத்து. முகம் சுருங்கிவிட்டதை எண்ணி வருந்துவதில் பொருளில்லை எனக் கருதிய அந்த ஓவியர், தம் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை.

மகன் பால் பிராண்டின் வாழ்விலும் மலையின் தடம் உண்டு. இளமையில் தந்தை செய்த புண் மருத்துவத்தைக் கண்டு அருவருத்து, மருத்துவராகவே கூடாதெனக் கட்டடத் தொழில் பயின்றவர் அவர். பின்னர் மனம் மாறி அறுவை மருத்துவரானார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்று, தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை மூலம் மீண்டும் இயங்கச் செய்து உலகப் புகழ் பெற்றார்.

1974ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், தொண்ணூற்றைந்து வயதில் எவலின் மறைந்தார். எளிய பருத்தித் துணியில் சுற்றப்பட்ட அவருடல், வாழவந்தியில் கணவரின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டது. பெட்டியின்றியே மண்ணோடு கலக்க வேண்டுமென்பது அவர் விருப்பம். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்துகள் மலையேறுகின்றன. நரம்புச் சிலந்தி நோய் இந்தியாவிலிருந்து ஒழிந்ததென உலக நலவாழ்வு நிறுவனம் 2000ஆம் ஆண்டு சான்றளித்தது. அவ்வெற்றி நாடெங்கும் பல்லாயிரவர் உழைத்துப் பெற்றது. எனினும் அரசின் திட்டங்கள் எட்டாத காலத்தில், மலை ஊர் ஒன்றின் கிணற்றடியில் அப்பணியைத் தொடங்கிய கைகளுள் எவலினின் கைகளும் இருந்தன. தாம் வழிபட்ட இறைவனை அவர் பிறர் காலின் புண்ணிலும் கண்டார். அதனால்தான் அம்மலையை விட்டு இறங்க அவருக்கு மனம் வரவில்லை.