சிரிக்க வைத்த இல்லத்தரசி

எர்மா பாம்பெக் 1927ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். பள்ளி நாள்களிலேயே டேட்டன் நகர நாளிதழ் ஒன்றில் சிறு வேலைகள் செய்தார். எழுத்தாளராக வேண்டும் என்பதே அவரது ஆசை. ஆனால், முதலில் சேர்ந்த பல்கலைக்கழகத்தில் அவருடைய கட்டுரைகள் எடுபடவில்லை. பிறகு டேட்டன் பல்கலைக்கழகத்தில் டாம் பிரைஸ் என்னும் ஆசிரியர், அவருக்கு எழுதும் ஆற்றல் இருப்பதைக் கண்டு ஊக்கமளித்தார். இருபது வயதில், குணப்படுத்த முடியாத பரம்பரைச் சிறுநீரக நோய் தமக்கு இருப்பதையும் எர்மா அறிந்துகொண்டார்.

1949இல் அவருக்குத் திருமணம் நடந்தது. குழந்தை வளர்ப்புக்காக நாளிதழ் வேலையை விட்டார். மூன்று பிள்ளைகள், சமையல், துவையல் என்று பத்து ஆண்டுகள் ஓடின.

1964இல், 37ஆம் வயதில், உள்ளூர்ச் செய்தித்தாளில் நகைச்சுவைப் பத்தி எழுதத் தொடங்கினார். ஒரு பத்திக்குக் கிடைத்தது 3 டாலர்தான்! படுக்கையறையில் கற்களின்மேல் பலகையை வைத்து, அதையே மேசையாக்கித் தட்டச்சு செய்தார். மலைபோல் குவியும் அழுக்குத் துணி, சலவையில் காணாமற்போகும் காலுறை போன்றவையே அவருக்குக் கதைப்பொருள். அக்காலத்து விளம்பரங்களில் இல்லத்தரசிகள் களைப்பே இல்லாமல் புன்னகைத்தனர். எர்மாவோ களைப்பையும் சலிப்பையும் மறைக்காமல் எழுதினார். பெரும்பாலும் தம்மையே கேலி செய்துகொண்டதால், படித்தவர்கள் மனம் புண்படாமல் சிரித்தார்கள்.

மறு ஆண்டே பெரிய நாளிதழ் ஒன்று அவரை அழைத்தது. சில வாரங்களில் அவரது பத்தி 36 நாளிதழ்களுக்குப் பரவியது. பின்னாளில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 900 ஆனது. நூல்களும் பல இலட்சம் பிரதிகள் விற்றன. பெண்களுக்குச் சமவுரிமை அளிக்கும் சட்டத்திருத்தத்திற்காக ஊர் ஊராகச் சென்று பேசினார். அம்முயற்சி அப்போது வெற்றி பெறவில்லை. புற்றுநோயுற்ற சிறுவர்களைச் சந்தித்து, 1989இல் ஒரு நூல் வெளியிட்டார்.

1992இல் அவருக்கே மார்பகப் புற்றுநோய் வந்தது. சிறுநீரகங்களும் செயலிழந்தன. மாற்றுச் சிறுநீரகத்திற்காகப் பலர் காத்திருந்தனர். தம் புகழைப் பயன்படுத்தி அவர்களை முந்த எர்மா மறுத்துவிட்டார். 1996 ஏப்ரல் தொடக்கத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அம்மாதம் 17ஆம் தேதி அவரது கடைசிப் பத்தி வெளிவந்தது. ஐந்து நாள்களுக்குப்பின், 69ஆம் வயதில் அவர் காலமானார்.

டேட்டனில் உள்ள அவரது கல்லறையை, அவர் பிற்காலத்தில் வாழ்ந்த அரிசோனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பெரிய பாறை ஒன்று அடையாளம் காட்டுகிறது.