தோண்டாமலே பூமிக்குள் பார்த்தவர்

மனுஷன் நேர் கீழே போட்ட ஆழமான துளையே 12 கிலோமீட்டர் சொச்சம்தான். அப்படின்னா 500 கிலோமீட்டர் ஆழத்துல, மான்டில் பாறைக்குள்ள தண்ணி இருக்கான்னு எப்படிப் பார்க்குறது? அதுக்கு ஒரு வழி மின்கடத்துத்திறன். அந்த வழிக்கு அஸ்திவாரம் போட்டவர் ஆர்தர் ஷூஸ்டர்.

1851-ல் ஃபிராங்ஃபர்ட்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1866-ல் பிரஷ்யா அந்த ஊரைப் பிடித்த பிறகு குடும்பம் மான்செஸ்டருக்குக் குடிபெயர்ந்தது. இவருக்குக் குடும்ப வியாபாரம் ஒத்துவரல. இயற்பியல் பக்கம் வந்து, 1873-ல் ஹைடல்பெர்க்கில் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு கேம்பிரிட்ஜில், மேக்ஸ்வெல் நடத்திய கேவன்டிஷ் ஆய்வகத்தில் வேலை செய்தார்.

காந்த ஊசி தினமும் துளியூண்டு அசையும். காரணம் பூமிக்கு மேலயா, உள்ளயா? பம்பாய், லிஸ்பன், கிரீனிச், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகிய நாலு ஊர் அளவீடுகளை வெச்சுக் கணக்குப் போட்டார் ஷூஸ்டர். 1889-ல் விடை வந்தது: முக்கியக் காரணம் மேலே. ஆனா அந்த மாற்றம், ஃபாரடே விதிப்படி, பூமிக்குள்ளயும் மின்னோட்டத்தைத் தூண்டுது. ஹொரேஸ் லாம்பின் கணிதத்தோட ஒப்பிட்டா, மேலடுக்கைவிட ஆழத்துலதான் மின்சாரம் நல்லா பாயுதுன்னு தெரிஞ்சது.

இன்னைக்கும் இதே தத்துவம்தான். மாற்றம் எவ்வளவு மெதுவோ, அவ்வளவு ஆழம் போகும். மான்டில்ல தண்ணின்னா கடல் மாதிரி இல்ல; படிகத்துக்குள்ள ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன். அது இருந்தா கடத்துத்திறன் கூடும். ஆனா வெப்பமும் இரும்பும்கூட அதைக் கூட்டும். அதனால எவ்வளவு தண்ணின்னு சண்டை இன்னும் ஓயல. 2014-ல் பிரேசில் வைரம் ஒன்றுக்குள் சிக்கியிருந்த ரிங்வுடைட் துணுக்கில் எடையில் சுமார் 1 சதவீதம் தண்ணீர் இருப்பது தெரிய வந்தது.

ஷூஸ்டர் மான்செஸ்டரில் பேராசிரியராகி, 1900-ல் திறந்த பெரிய இயற்பியல் ஆய்வகத்தை உருவாக்கினார். 1907-ல், 56 வயசுல, ரூதர்ஃபோர்டுக்காகத் தன் பதவியையே விட்டுக்கொடுத்தார். அந்த ஆய்வகத்துலதான் அணுக்கரு கண்டுபிடிக்கப்பட்டது. இவ்வளவு செய்தவரை, முதல் உலகப்போர் வந்ததும், ஜெர்மனியில பிறந்தவர்ங்கிற ஒரே காரணத்துக்காகச் சந்தேகமா பார்த்தாங்க. ஆனா அவர் அசரல. ராயல் சொசைட்டி செயலாளர் பொறுப்பில் 1919 வரை இருந்தார்.

1934-ல் காலமானார். ரூதர்ஃபோர்டு பேர் நம்ம எல்லாருக்கும் தெரியும். இடம் விட்டவர் பேரையும் ஒரு தடவை சொல்லிப் பார்ப்போமே.