ஓட்டல் சர்வர் மோட்டார் செய்த கதை!

சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். மங்கலத்தில் இருந்து சைக்கிளிலேயே போய் வந்துவிடலாம். அங்கே 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி, கோபால்சாமி நாயுடு என்ற விவசாயியின் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. துரைசாமி என்று பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் நாடு அறிந்த ஜி.டி.நாயுடு அவர்தான்.

சிறு வயதிலேயே தாயை இழந்த பிள்ளை. பள்ளிக்கூடம் என்றாலே அவருக்கு வேப்பங்காய். வாத்தியார் முகத்தில் மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடி வந்தவர் என்று சொல்வார்கள். படிப்பு பாதியில் நின்றது. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். கையில் கிடைத்த புத்தகங்களைத் தாமாகவே படித்தார்.

மோட்டார் சைக்கிள் ஆசை

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை. வண்டி தானாக ஓடுகிறது! அந்த வண்டியின் மேல் துரைசாமிக்கு ஆசை வந்துவிட்டது.

ஆசைப்பட்டால் போதுமா? பணம்?

கோவைக்குப் போனார். ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். தோட்டம் உள்ள வீட்டுப் பிள்ளை, ஊராருக்குப் பலகாரம் பரிமாறினார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காசுக்கு மேல் காசாகச் சேர்த்தார். மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கிவிட்டார்.

வேறு வாலிபராக இருந்தால் அதில் ஏறி ஊரைச் சுற்றி வந்திருப்பார். நாயுடு என்ன செய்தார் தெரியுமா? வண்டியைக் கழற்றிப் போட்டார்! ஒவ்வொரு பாகத்தையும் எடுத்துப் பார்த்தார். மறுபடியும் பூட்டினார். மெக்கானிக் தொழிலுக்கு அந்த வண்டியே அவருக்கு வாத்தியார்.

திருப்பூரும் பம்பாயும்

முதல் உலகப் போர் நடந்த காலத்தில் பருத்தித் தொழிலில் இறங்கினார். இன்று மங்கலத்தில் இருந்து பனியன் வேலைக்குப் பஸ் ஏறிப் போகிறார்களே, அதே திருப்பூரில்தான். அப்போது அங்கே பனியன் கம்பெனி கிடையாது. பருத்தி வியாபாரம்தான் ஊரின் பிழைப்பு. நாயுடுவுக்கு நல்ல லாபம் வந்தது.

லாபம் வந்ததும் துணிச்சலும் வந்தது. பம்பாய்க்குப் போனார்.

திருப்பூரில் பருத்தியைக் கையில் எடுத்து, இழுத்துப் பார்த்து விலை சொல்லலாம். பம்பாய்ச் சந்தை அப்படி அல்ல. கண்ணில் காணாத பருத்திக்கு, நாளைய விலையை இன்றே பேசுகிற இடம். அங்கே இருந்த பெரும் புள்ளிகளுக்கு முன்னால் நாயுடு தாக்குப் பிடிக்கவில்லை. நஷ்டப்பட்டு ஊர் திரும்பினார்.

கடன் வாங்கி ஒரு பஸ்

கோவையில் பெரிய தொழில் அதிபராக இருந்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர். அவர் நாயுடுவுக்கு ரூ.4 ஆயிரம் கடன் கொடுத்தார். நாயுடு தம் பங்குக்கு ரூ.4 ஆயிரம் போட்டார். ஒரு பஸ் வாங்கினார். இது நடந்தது 1920-ல்.

பொள்ளாச்சியில் இருந்து பழனிக்கு அந்த பஸ் ஓடியது. ஓட்டியவர் நாயுடுவே! அந்த நாளில் பொள்ளாச்சியில் இருந்து பழனிக்கு ரயில் இல்லை. முருகனைத் தரிசிக்கப் போகிறவர்களுக்கு மாட்டு வண்டி அல்லது நடை. ஆகவே பஸ்சுக்குக் கூட்டம் இருந்தது. ஒரு பஸ் பலவாகப் பெருகியது. யு.எம்.எஸ். என்ற மூன்று எழுத்து, கொங்கு நாட்டுச் சாலைகளில் எல்லோருக்கும் தெரிந்த பெயராயிற்று. பம்பாயில் விட்டதைப் பழனிச் சாலையில் பிடித்துவிட்டார் எனலாம்.

கிணற்றுக்கு வந்த மோட்டார்

நீலகிரி மலையில் பைக்காரா மின்சார நிலையம் 1932-ல் வேலை செய்யத் தொடங்கியது. கோவைப் பக்கம் மின்சாரம் வந்தது. ஆனால் மோட்டார் சீமையில் இருந்து வர வேண்டும். விலை அதிகம். நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-ல் இங்கேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள். இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள்.

இந்த வட்டாரத்துக் கிணறுகள் ஆழமானவை. விடியும் முன்பே மாடு கட்டிக் கவலை ஓட்டி, உடம்பு நோகத் தண்ணீர் இறைத்தவர்கள் நம் தாத்தாக்கள். உள்ளூரிலேயே மோட்டார் கிடைத்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

முகச் சவரத்துக்கு, பாட்டரியில் ஓடும் சிறு எந்திரம் ஒன்றையும் நாயுடு செய்தார். அது ஜெர்மனியில் தயாராகி விற்பனைக்கு வந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி என்று இன்னும் பல. தேர்தலில் நின்று தோற்றதும் உண்டு!

எல்லாம் கைகூடிவிடவில்லை. இரண்டு பேர் போகக்கூடிய சிறிய காரை, ரூ.2 ஆயிரத்துக்குத் தர முடியும் என்று 1952-ல் செய்து காட்டினார். சர்க்கார் லைசென்ஸ் கொடுக்கவில்லை. கார் தெருவுக்கு வரவே இல்லை. நடுத்தரக் குடும்பங்களுக்கு அது பெரிய இழப்புதான்.

நான்கு ஆண்டு எதற்கு?

பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர், பிள்ளைகளுக்காகத் தொழிற்கல்லூரி தொடங்கினார்! அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப் பெயரில், 1945-ல் கோவையில் அது ஏற்பட்டது. நாயுடுவே அதன் முதல்வராக இருந்தார்.

அங்கே ஒரு தகராறு வந்தது. என்ஜினீயர் படிப்புக்கு நான்கு ஆண்டு வேண்டும் என்றது சர்க்கார். அத்தனை ஆண்டு தேவை இல்லை, வேலை செய்துகொண்டே படித்தால் இரண்டு ஆண்டிலேயே கற்றுவிடலாம் என்பது நாயுடுவின் கட்சி. மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டிப் படித்தவர் வேறு எப்படிச் சொல்வார்? சர்க்காரும் இறங்கி வரவில்லை, அவரும் இறங்கி வரவில்லை. 1946-ல் பதவியை விட்டு வெளியேறினார். அந்தக் கல்லூரிதான் இன்று கோவையில் உள்ள அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. படிப்பு இன்னமும் நான்கு ஆண்டுதான்!

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி ஜி.டி.நாயுடு காலமானார். கோவை அவினாசி சாலையில், 10 கிலோ மீட்டர் நீளத்துக்குக் கட்டி 2025 அக்டோபரில் திறந்த மேம்பாலத்துக்கு அவர் பெயரைச் சூட்டி இருக்கிறார்கள்.