டெரோசியோ: பிறப்பின் அளவுகோலை மறுத்த ஆசான்

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் இயங்கிய காலத்தில், தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்த லைன்களுக்கு அப்பால் ஆங்கிலோ இந்தியர் குடும்பங்கள் பல வாழ்ந்துவந்தன. சட்டைக்காரர் என்று ஊரார் அவர்களை அழைத்தனர். வெள்ளையர் அவர்களைத் தம்மவர் என்று ஏற்கவில்லை, நம்மவரும் ஏற்கவில்லை. பிறர் இட்ட பெயரைச் சுமந்து வளர்வது எத்தகைய துன்பம் என்பது, மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்ட நம் முன்னோர்க்கு நன்கு தெரியும். ஆகவே, அந்த மரபில் பிறந்து இருபத்திரண்டே ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த ஓர் அறிஞரின் வரலாற்றை ஈண்டு எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

ஹென்றி லூயி விவியன் டெரோசியோ 1809ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை பிரான்சிஸ் இந்தியக் குருதி கலந்த போர்த்துக்கேய மரபினர். ஒரு வணிக நிறுவனத்தில் அலுவலர். தாய் சோபியா ஜான்சன் ஆங்கிலப் பெண்மணி. பாட்டனாரை ஒரு பதிவேடு சுதேசப் புரட்டஸ்டண்டு என்று குறித்தது. மற்றொன்று போர்த்துக்கேய வணிகர் என்று குறித்தது. மனிதர் ஒருவரே, ஏடுதோறும் இனம் மட்டும் மாறியது!

அக்காலத்துக் கலப்பினத்தார் நிலை இரங்கத்தக்கது. பெற்றோருள் ஒருவர் இந்தியராயின் அவர்தம் மக்களுக்குக் கும்பெனியின் உயர் பதவிகள் இல்லையென 1791இல் ஆணை பிறந்தது. 1795இல் படையிலும் கதவு அடைக்கப்பட்டது. குழல் ஊதுவதும், முரசு அறைவதும், குதிரைக்கு லாடம் அடிப்பதுமே அவர்க்கு எஞ்சின. தந்தையர் நாட்டிய ஆட்சியே மக்களைப் புறந்தள்ளியது.

இச்சூழலில் வளர்ந்த சிறுவனுக்கு வாய்த்த பெரும்பேறு, டேவிட் டிரம்மண்டு என்னும் ஸ்காத்லாந்து ஆசிரியரின் பள்ளி. அங்கே ஐரோப்பியர், கலப்பினத்தார், இந்தியர் ஆகிய மூவகைப் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்ந்து பயின்றனர். எதனையும் ஆராய்ந்தே ஏற்கவேண்டும் என்னும் பழக்கத்தை அவர் அங்கே பெற்றார். பதினான்காம் வயதில் படிப்பை முடித்துத் தந்தையின் நிறுவனத்தில் எழுத்தரானார். பின்னர் பாகல்பூரில் உறவினரின் அவுரித் தோட்டத்தில் பணிபுரிந்தார். கங்கைக்கரையில் அவருள்ளத்தில் கவிதை பிறந்தது. 1828இல் வெளிவந்த தம் நூலில், இந்தியாவையே தாய்நாடாக விளித்துப் பாடினார். தமக்கு நாடே இல்லை என்று உலகம் சொன்ன வேளையில், தம் நாட்டைத் தாமே தேர்ந்துகொண்டார்.

1826இல், பதினேழாம் வயதில், இந்துக் கல்லூரி ஆசிரியரானார். மாணவர்க்கும் அவர்க்கும் வயது வேற்றுமை மிகச் சிறிதே. ஒரு கொள்கையைக் கற்பிக்கும்போது அதற்கு எதிரான வாதத்தையும் உடன் கற்பித்து, முடிவை மாணவர் அறிவுக்கே விட்டார். சாதியும் சடங்கும் அவர்கள் கூட்டங்களில் விசாரணைக்கு உள்ளாயின. எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணித்த ராதாநாத் சிக்தார் அம்மாணவருள் ஒருவர்.

வைதிகர் பொறுக்கவில்லை. நாத்திகம் போதிக்கிறார், பெற்றோரை மதியாதிருக்கத் தூண்டுகிறார் என்று பழி சுமத்தினர். 1831 ஏப்ரலில், முறையான விசாரணையின்றியே பதவி விலகும்படி செய்தனர். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்து எழுதியதும் பயன்படவில்லை. பிறப்பால் அவரைத் தாழ்த்தியது ஆங்கிலேயர் ஆணை. அறிவால் உயர்ந்தபோது தள்ளியது மேல்சாதியார் சபை.

அவர் சோர்ந்திலர். அரைச்சாதி என்னும் இழிசொல்லை மறுத்து, கிழக்கிந்தியர் என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்ட அம்மக்கள், 1830இல் ஜான் ரிக்கெட்ஸ் வாயிலாகப் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் உரிமை கோரி விண்ணப்பித்திருந்தனர். அவ்வியக்கத்துக்குத் துணையாக டெரோசியோ 1831இல் 'ஈஸ்ட் இந்தியன்' என்னும் இதழைத் தொடங்கினார். அவ்வாண்டே வாந்திபேதி கண்டு, டிசம்பர் 26ஆம் நாள் மறைந்தார்.

டெரோசியோ பௌத்தர் அல்லர். அவ்வாறு உரிமை கொண்டாடுதல் நேர்மையாகாது. ஆயினும், கேட்டதனாலோ மரபினாலோ எதனையும் நம்பற்க என்று காலாமர்க்குப் பகவன் அருளிய நெறிக்கும், இவ்விளைஞர் வகுப்பறையில் கையாண்ட முறைக்கும் உள்ள ஒற்றுமையை நாம் காணாதிருக்க இயலாது. பிறர் இட்ட பெயரைத் துறந்து, சாதிபேதமற்ற திராவிடர் என்று நம்மை நாமே அழைத்துக்கொள்ளக் கற்பித்தார் அயோத்திதாசப் பண்டிதர். கிழக்கிந்தியர் செய்ததும் அதுவே.

நம் பிள்ளைகளை எவரேனும் நீ யார் என்று வினவுங்கால், அவர்கள் தலைகுனியலாகாது. அவ்வாறே, நம் தெருவில் வளரும் கலப்புமணத்துப் பிள்ளையை நாமும் அவ்வினாவால் வருத்தலாகாது. ஒருவனைத் தாழ்ந்தவனாக்குவதும் உயர்ந்தவனாக்குவதும் அவன் செயலே என்பது தம்மம். அதனைப் பிறர்க்குச் சொல்லுமுன் நம் இல்லத்தில் நிறுவுவோமாக.