கண்ணீர்ப் புரதங்களும் மருத்துவர் வெங்கடசாமியும்

சாயல்குடிப் பகுதியில் பனை ஏறும்போதோ சீமைக்கருவேலம் வெட்டும்போதோ உங்கள் கண்ணில் முள்ளோ ஓலையோ படக்கூடும். அக்காயத்தில் பூஞ்சை தொற்றினால் கருவிழியில் புண் உண்டாகிப் பார்வை பறிபோகலாம். இந்நோயைப் புரத அளவில் ஆராயும் மதுரை அரவிந்த் நிறுவனத்திற்கு வித்திட்டவரை நீங்கள் அறிந்துகொள்வது நலம்.

மருத்துவர் ஜி. வெங்கடசாமி 1918-இல் எட்டயபுரம் அருகிலுள்ள அயன் வடமலாபுரத்தில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். 1944-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார். மகப்பேறு மருத்துவராக விரும்பிய அவரை, உடலின் தற்காப்புப் புரதங்கள் மூட்டுகளையே தாக்கும் முடக்குவாதம் பற்றியது; விரல்கள் கோணின. எனினும் கண் மருத்துவம் பயின்று, அவ்விரல்களாலேயே ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006-இல் மறைந்தார்.

இன்று அந்நிறுவன ஆய்வகத்தில், பூஞ்சைப் புண் உற்றோரின் கண்ணீரிலுள்ள புரதங்களை ஒருசேரப் பிரித்தறியும் புரோட்டியோமிக்ஸ் முறையால், உடல் தொற்றை எதிர்க்கும் விதம் ஆராயப்படுகிறது. ஆய்வு எவ்வளவு வளர்ந்தாலும், காலம் தாழ்த்திய கண்ணை மீட்பது கடினம். ஆகவே கண்ணில் காயம்பட்டால் இலைச்சாறோ தாய்ப்பாலோ விடாதீர்கள். மருத்துவர் எழுதித் தராத சொட்டு மருந்தையும் தவிருங்கள். அன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகுங்கள்.